முறிந்த கருவியும் நுகரும் உயிரும்

உலகின்கண் உயிர்கள் எய்தும் இன்ப துன்பங்கட்கெல்லாம் வினையே காரணமென்பதும், அவ்வினை சடமாகலின் தானே சென்று பயன்தர மாட்டாது, முதல்வன் கூட்டவே பயன்தருமென்பதும் சித்தாந்த சைவர்க்கு ஒப்ப முடிந்தன. அவற்றை ஈண்டு நிறுவப் புகுந்தேமல்லேம். அவ்வுண்மையை உலகியலில் வைத்து வழங்குங்கால் நம்மனோர் வாயினின்றும் எளிதிற் பிறந்துவிடும் ஒரு சொல்லைக் குறித்தே சில கூற விழைகின்றாம். ஒருவன் சைக்கிளில் ஏறிச் செல்கின்றான். அதன் ஓருறுப்பு முறிகின்றது. அவன் வீழ்ந்து தொடையெலும்பு முறியப்பெற்றுப் பன்மாதம் படுக்கையிற் கிடக்கின்றான். அவனைக் காணச் செல்வார், 'எல்லாம் வினை. நுகர்ந்துதானே தீர்க்கவேண்டும்' என்று கூறி எழுந்துபோகின்றனர். அச்சொல் மெய்யா? மெய்யெனின், அதனைக் கூறுதற்கு உரியார் யாவர்? அவ்வண்டியைச் செய்தவனும் அதனையே கூறி அமையலாமா? மருத்துவம் செய்துகொண்டு மீள முயலுதல் அச்சொல்லுக்கு மாறாகுமா? இவை சிறுவினாக்கள் போலத் தோன்றினும், விடை பிழைப்பின் வினைக்கொள்கையே உலகத்தார் முன் பழிக்கப்படும். பழித்தும் வருகின்றனர்.

முதற்கண் முறிவின் இயல்பை அறிதல் வேண்டும். உலோகம் ஒரு பேரடியால் முறிதலுமுண்டு. சிற்றடி பலவற்றால் நாட்பட முறிதலுமுண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை, அதன் மேற்றண்டு, அத்தண்டிற் பொருந்திய கைப்பிடி ஆகிய இவை சாலையின் ஒவ்வொரு குழியிலும் கட்புலனாகாதவாறு வளைந்து மீள்கின்றன. இங்ஙனம் பல்லாயிர முறை, பல்லிலக்க முறை நிகழ்ந்தபின், பற்றுவைத்த இடத்தின் ஓரத்திலேனும், ஒரு கீறலின் அடியிலேனும், மயிரிழையினும் நுண்ணிய பிளவு ஒன்று தோன்றும். அது நாள்தோறும் சிறிது சிறிதாக வளரும். மேலே பூசிய வண்ணம் அதனை மறைத்துக்கொண்டிருக்கும். எஞ்சிய பகுதி சுமையைத் தாங்கமாட்டாத அந்நாளில், பெரியதோர் அடியுமின்றியே, உறுப்பு இரண்டாகும். 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் பிரான்சில் வெர்சேல்சினின்றும் பாரிசுக்குச் சென்ற புகைவண்டியின் இயந்திர அச்சு இவ்வாறு முறிந்து, ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் தீயில் மாண்டனர். அதன்பின்னரே அறிஞர் இதனை ஊன்றி ஆராயத் தலைப்பட்டனர். பிரஷ்ய நாட்டுப் புகைவண்டித் துறையில் இருந்த ஆகஸ்ட் வோலர் என்பார் அச்சுக்களைப் பல்லாண்டு சுழற்றிச் சோதித்து, 1870ஆம் ஆண்டளவில், ஒருமுறை தாங்கவல்ல சுமையையே பன்முறை ஏற்றின் உலோகம் முறியும் என்பதையும், எஃகுக்குத் தாங்கும் வரம்பு ஒன்று உண்டென்பதையும் காட்டினார். அலுமினியத்துக்கோ அத்தகைய தெளிவான வரம்பு இல்லை. சிறுசுமையும் எண்ணிக்கை மிகின் அதனை முறிக்கும்.

இதனைக் கேட்குஞ் சைவநன்மக்கள் உள்ளத்துச் சஞ்சிதம் நினைவுக்கு வருதல் இயல்பே. சிறிது சிறிதாகத் தொக்கது, காணப்படாது கிடந்தது, ஒருநாள் முதிர்ந்து பயன்தந்தது என உவமை நன்கு பொருந்துவதுபோற் காணப்படும். ஆயினும் அஃது இன்றியமையாத ஓரிடத்திற் பொருந்தாதொழிகின்றது. பிளவு தொக்கது உலோகத்தில். நோவை நுகர்ந்தது உலோகமன்று, அதன்மேல் இருந்தவன். வினையிலோ செய்தவனே நுகர்வன். ஒருவன் ஈட்டியதைப் பிறனொருவன் நுகர்தல் என்பதில்லை. ஆகவே, கவையிற் பிளவு வளர்ந்த வரலாற்றைக் கூறி, 'இதுவே அவன் வினை முதிர்ந்த வரலாறு' என்பாராயின், அவர் உவமையைப் பொருளாகக் கொண்டு மயங்கினாராவர். பிளவு வளர்ந்த வரலாறு வேறு. நோவுற்றவன் வினை வேறு. முன்னையதைக் கருவிகொண்டு காணலாம். பின்னையதை முதல்வனையன்றிப் பிறர் காணார்.

இனி, பிராரத்தம் வந்து பொருந்தும் வாயில்களை ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்றாக வகுத்துரைப்பர். அறிவுடைப் பொருள் வாயிலாக வருவது ஒன்று. இடி, வெள்ளம், காற்று முதலிய அறிவில் பொருள் வாயிலாக வருவது ஒன்று. தெய்வத்தின் வாயிலாக வருவது ஒன்று. சைக்கிளின் முறிவால் வந்த துன்பம் இவற்றுள் எதன்பாற்படும்? உலோகம் அறிவிலதாகலின் ஆதிபௌதிகமே என்று உடனே விடைகூறப்படும். யாம் அதற்கு உடன்படோம். இடியை வார்த்தவன் ஒருவனில்லை. வெள்ளத்தைத் துருவிச் சோதித்து விலைக்கு விற்றவன் ஒருவனில்லை. கைப்பிடியையோ ஒருவன் வரைந்தான், ஒருவன் வார்த்தான், ஒருவன் முடுக்கினான், ஒருவன் 'நன்று' என்று கூறிப் பணம் பெற்றான். மனிதன் செய்த கருவியில் உலோகம் மட்டும் இல்லை. செய்தவனுடைய கருத்தும் கவனமும், கவனக்குறைவும், அதனுள் உறைந்து நிற்கின்றன. ஒருவன் எறிந்த கல் பிறன் தலையை உடைத்தால், கல் அறிவிலதாகலின் அஃது ஆதிபௌதிகம் என்பாரில்லை. எறிதற்கும் படுதற்கும் இடையே ஒரு நொடி கழிந்தாலென்ன, ஓராண்டு கழிந்தாலென்ன?

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் ஜப்பானில் ஒலிம்பிக் போட்டியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்று. நால்வர் ஓரணியாக 4,000 மீட்டர் ஓடும் போட்டியின் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலிய அணியினருள் ஒருவராகிய அலெக்ஸ் போர்ட்டர் விரைந்து செல்லுங்கால், அவர் வண்டியின் கைப்பிடி முறிந்து கழன்றது. பிடிக்க ஒன்றுமின்றி அவர் முகங்குப்புற மரத்தளத்தில் வீழ்ந்தார். சிராய்ப்புகளோடு அன்றே மீண்டும் ஏறினார். அவ்வணி இரு நாட்கழித்து வெண்கலப் பதக்கமும் பெற்றது. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அதன்பின் நிகழ்ந்ததை. அந்நாட்டுச் சைக்கிள் சங்கத்தார் பதக்கம் கிடைத்ததென்று அமைந்திலர். தனித்துநிற்கும் அறிஞர் ஒருவரைக்கொண்டு ஆராய்வித்து, 2022ஆம் ஆண்டில் அவ்வறிக்கையை வெளியிட்டனர். அக்கைப்பிடி எத்துணைச் சுமை தாங்கவேண்டுமென்று வரையறுத்ததிலும், சோதித்ததிலும் இருந்த குறைகள் அதிற் கூறப்பட்டன. சங்கத்தார் தம்பாலுள்ள குறையும் அதில் மறைக்கப்படவில்லை. வினைக்கொள்கையை அறியாத நாட்டினர் இதனைச் செய்தனர். அறிந்த நாம் இத்தகைய இடத்துப் பெரும்பாலும் 'விதி' என்ற ஒரு சொல்லால் ஏட்டை மூடிவிடுகின்றோம். எது வினைக்கொள்கைக்கு இயைந்த ஒழுக்கம் என்பதை அறிஞர் சீர்தூக்குக.

அற்றேல், செய்தவன் குற்றமாயின் வீழ்ந்தவன் வினை என்பது பொய்யாகுமன்றோ எனின், ஆகாது. ஒரு நிகழ்ச்சியே ஒருவனுக்கு நுகர்ச்சியும் பிறனொருவனுக்குப் புதிய ஈட்டமும் ஆதல் கூடும். வீழ்ந்தவன் நுகர்வது அவன் பிராரத்தம். சோதியாது விற்றவன் அப்பொழுதே ஈட்டியது அவன் ஆகாமியம். அங்ஙனமாயின், முதல்வன் கூட்டிய பயனுக்கு விற்றவன் வெறுங்கருவியே ஆயினான்; அரசன் ஆணைவழி ஒறுப்பவனுக்குக் குற்றமில்லாததுபோல அவனுக்கும் குற்றமில்லையெனக் கூறுவாரும் உளர். இக்கூற்று நுண்மையுடையதுபோலத் தோன்றும், சற்றும் நில்லாது. ஒறுப்பவன் ஆணையை அறிந்து செய்கின்றான். தன் ஊதியம் கருதி எவனையும் பற்றிச் சென்று தூக்கிலிடுவதில்லை. வண்டி விற்றவன் எவனுடைய வினையையும் அறியான், எவ்வாணையும் பெற்றிலன். அவனை இயக்கியது பொருள்மேற் சென்ற விருப்பு, அல்லது உழைப்பின்மேற் சென்ற வெறுப்பு. விருப்பு வெறுப்புக்களாற் செய்யப்படுவதே ஆகாமியமாய் ஏறும். தான் கருதாத ஒரு பணியைத் தனக்குப் பின்னர் ஏற்றிக்கொண்டு, 'யான் இறைவன் கருவி' என்பது, இறைபணி நிற்றல் என்னும் உயர்ந்த நிலையைக் கள்ளக் கணக்குக்கு முத்திரையாக்குதலேயாம்.

எம் நண்பருள் பள்ளியாசிரியர் ஒருவருக்கு இத்துன்பம் நேர்ந்தது. நாடோறும் சைக்கிளிற் பள்ளி செல்பவர். ஒருமுறை முன்கவை வளைந்துபோக, புதுக்கவைக்கு விலை மிகுதியென்று, கடைக்காரர் வேறொரு வண்டியினின்று கழற்றி நெளிவெடுத்து வைத்திருந்த கவையை மாட்டிக்கொடுத்தார். வளைந்த கவையை மீண்டும் நிமிர்த்துவதால் அவ்விடம் வலுக்குன்றிப் பிளவுக்கு இடமாகும் என்பது அத்தொழிலாளர் பலர்க்கும் தெரிந்ததே. வண்ணம் பூசிவிட்டால் வாங்குவோர்க்குத் தெரியாது. நான்கு திங்கள் கழித்து ஒரு பாலத்தின் இறக்கத்தில் அது முறிந்தது. நண்பர்க்கு வலத் தொடையெலும்பு இரண்டாயிற்று. யாம் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, நன்கு கற்ற பெரியவர் ஒருவர் அருகிருந்து, முற்பிறப்பில் எவர் காலை ஒடித்தவர்க்கு இப்பிறப்பில் எது நேரும் என்பதை விரித்துக்கொண்டிருந்தார். நண்பர் கண்களை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகின்றார் என்று பெரியவர் எண்ணினார்; யாம் அவ்வாறு எண்ணவில்லை.

அப்பெரியவர் கூறியதிற் பொய்யென்று தள்ளத்தக்க சொல் ஒன்றுமில்லை என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. நூல்களில் உள்ளதையே அவர் கூறினார். ஆயினும் அது தகாத இடத்திற் கூறப்பட்டது. என்னை? இன்னான் இன்ன வினை செய்தான், அதன் பயன் இது என்று வரையறுத்துரைத்தல் முற்றறிவுடைய முதல்வனுக்கே இயலும். நமக்குக் கிடைத்திருப்பது, துன்பம் காரணமின்றி வாராது என்னும் பொதுவுண்மை மட்டுமே. பொதுவுண்மையை ஒருவன் தன் துன்பத்தின்மேல் வைத்து எண்ணுவானாயின் அஃது அவனுக்குப் பொறுமை தரும். பிறரை வெறுத்தற்கு இடங்கொடாது. அதனையே அருகிருப்பவன் அவன்மேல் ஏற்றிக் கூறுவானாயின், நோவோடு பழியும் சேர்த்தவனாவன். அன்றியும், அங்ஙனம் கூறியவனுக்கு ஒரு நன்மையும் உண்டு. அதனை அவன் அறியாதிருத்தலும் கூடும். 'உன் வினை' என்று கூறிவிட்டால், காலைப் பிடித்துவிடவோ, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச்செல்லவோ, மருந்துக்கு உதவவோ வேண்டுவதில்லை. அச்சொல் எளிதிற் பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணமென்று யாம் ஐயுறுகின்றோம்.

சில நாட் கழித்துக் கடைக்காரர் வந்தார். கதவருகே நின்று, "ஐயா, விதி இப்படி இருந்துவிட்டது" என்றார். நண்பர் சினந்திலர். "தம்பி, என் விதியை நான் பார்த்துக்கொள்கின்றேன். உன் கடைச்சுவரில் நெளிவெடுத்த கவை இன்னும் இரண்டு தொங்குகின்றன, அவற்றை இன்றே இரும்புக்குப் போட்டுவிடு" என்றார். தமக்கு இழப்பீடு வேண்டுமென்று கேட்டிலர். கேட்டிருந்தாலும் அது குற்றமாகாது என்பதே எம் கருத்து. செய்த கேட்டுக்கு ஈடுகொடுத்தல் கொடுப்பவனுக்கும் நன்றே. ஆயினும், வினை என்னும் சொல்லைத் தமக்குரியதாக வைத்துக்கொண்டு, கடமையை அவர்க்குரியதாகப் பிரித்துக்கொடுத்த அவ்விடை, யாம் மேலே பல தொடர்களாற் கூற முயன்றதைச் சுருங்கக் கூறிற்று.

வீழ்ந்தவன் கூற்று எஞ்ஞான்றும் மெய்யாயிருக்குமென்பதும் இல்லை. பிரெஞ்சு நாட்டு ரொஜே ரிவியேர் என்பார் 1957 முதல் 1959 வரை மூன்றாண்டும் தனியோட்டத்தில் உலக வெற்றி பெற்றவர். 1958ஆம் ஆண்டில் மிலான் நகரில் ஒரு மணி நேரத்தில் 47.347 கிலோமீட்டர் சென்று நாட்டிய அளவை 1967 வரை எவரும் கடந்திலர். 1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள், பிரான்சு சுற்றும் பெரும்போட்டியில் இரண்டாமிடத்தில் இருந்த அவர், பெர்ஜுரே என்னும் மலைக்கணவாயின் இறக்கத்தில் நென்சினி என்னும் இத்தாலிய வீரரைத் தொடர்ந்து விரைந்து, திருப்பத்தில் தவறிப் பள்ளத்தில் வீழ்ந்தார். முதுகெலும்பின் கண்டங்கள் இரண்டு முறிந்தன. அப்பொழுது அவருக்கு ஆண்டு 24. பிரேக் பிடிக்கவில்லை, வண்டியைப் பேணிய தொழிலாளியே காரணம் என்று அவர் கூறினார். உலகம் நம்பியிருக்கும், வண்டி பேசாது, தொழிலாளி சொல் எடுபடாது. ஆனால் பால்ஃபியம் என்னும் கடுமையான நோவுகொல்லி மருந்தை அவர் உட்கொண்டிருந்தமை மருத்துவரால் வெளிப்பட்டது. விரல்கள் மரத்துப்போகப் பிரேக்கை அழுத்தமாட்டாராயினர் என்று கருதப்பட்டது. மருந்து உட்கொண்டதைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். மீண்டும் போட்டிக்கு வந்திலர். உடல் பெரிதும் முடங்கியே வாழ்ந்து 1976ஆம் ஆண்டில், நாற்பதாம் வயதில், தொண்டைப் புற்றுநோயால் இறந்தார்.

இவ்வரலாற்றைக் கேட்டு, 'பார், செய்தவன் நுகர்ந்தான்' என்று மகிழ்வாரோடு எமக்கு உறவில்லை. இருபத்துநான்கு வயதிளைஞன் ஒருவன் நடையிழந்தது எவர்க்கும் மகிழ்ச்சி தருவதன்று. யாம் இதனை எடுத்தது வேறொரு கருத்துப்பற்றி. முறிவு மெய்யாகவே கருவியில் நேர்ந்ததா என்று ஆராயாது, துன்புற்றவன்மேல் இரக்கங்கொண்டு பிறன்மேற் பழியேற்றலும், துன்புற்றவன் வினையென்று கூறிப் பிறன் பழியை மறைத்தலும் ஆகிய இரண்டும் ஆராயாமை என்னும் ஒரு வேரிற் கிளைத்தனவே. அத்தொழிலாளியை அன்று காத்தது மருத்துவர் செய்த ஆராய்ச்சி. பிரேக்கைக் கழற்றிப் பார்த்தலும், முறிந்த முகத்தைப் பெருக்கியாடி கொண்டு பார்த்தலும், குருதியைச் சோதித்தலும் வினைக்கொள்கைக்குப் புறம்பான வேலைகள் என்று எண்ணற்க. இவன் ஈட்டியது இது, அவன் ஈட்டியது இது என்று நம்மால் இயன்றவரை பிரித்தறியும் வழி இவையே.

இனி மீட்சியைக் கருதுவாம். முறிந்த கவை தானே கூடுவதில்லை. முறிந்த எலும்போ கூடுகின்றது. முறிந்தவுடன் அவ்விடத்துக் குருதி உறையும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லிய இணைப்பொன்று தோன்றி இரு முனைகளையும் பற்றும். பின்னர் அதன்கண் சுண்ணம் படிந்து வன்மையுறும். தொடையெலும்பாயின் மூன்று முதல் ஆறு திங்களிற் பெரும்பாலும் சுமை தாங்கத்தக்கதாகும். அதன்பின்னும் பணி ஓய்வதில்லை. மிகையாய்ப் படிந்ததைக் கரைத்தும், வேண்டுமிடத்து நிறைத்தும், ஆண்டுக்கணக்காக எலும்பு தன்னைத் திருத்திக்கொண்டேயிருக்கும். எலும்பு தான் தாங்கும் சுமையின் போக்குக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜூலியஸ் வொல்ஃப் என்னும் செர்மானிய மருத்துவர் 1892ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஆகலின் நெடுங்காலம் சுமையேற்றாது கிடத்தப்பட்ட எலும்பு மெலியும். முன்னாளில் தொடை முறிந்தவரைப் பளுக் கட்டித் தொங்கவிட்டுப் பல வாரம் கிடத்தினர். கெர்ஹார்ட் கூன்ச்சர் என்பார் எலும்பின் உட்டுளையிற் செருகும் நீண்ட உலோகக் கோலை 1940ஆம் ஆண்டில் மருத்துவருலகிற்கு அறிவித்தபின், நோயாளி சின்னாளில் எழுந்து ஊன்றி நடக்க வழியேற்பட்டது. முறிந்த உலோகத்தால் வீழ்ந்தவன் முறியா உலோகமொன்றை உட்கொண்டு எழுகின்றான்.

இவ்வெலும்பைக் கூட்டுவது யார்? உலகாயதர், எலும்பில் உள்ள நுண்ணணுக்களே என்பர். அவை கருவியாதலை யாமும் மறுக்கவில்லை. எங்கே குறை, எவ்வளவு நிறைக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்னும் ஒழுங்கு அவ்வறிவில் பொருள்களுக்கு எவ்வாறு வந்தது என்பதே எம் வினா. உயிரே கூட்டுகின்றது எனின், அதுவும் பொருந்தாது. எலும்பு கூடுவதை அவ்வெலும்புக்குரியவன் அறியான். எக்ஸ்ரே படத்தைக் கண்டே அறிகின்றான். அறியாத ஒன்றை அவன் செய்தானென்றல் கூடாது. உடம்பு சடம், உயிர் அறிவுடையதாயினும் இவ்விடத்து அறிந்திலது. இரண்டுமல்லாத ஒன்று உடனின்று உதவுகின்றது. உயிர் வினையை நுகர்ந்து தீர்த்தற்பொருட்டு உடம்பைக் கூட்டிய திருவருள், அவ்வுடம்பு குறையுற்றபோதும் மறைந்து நின்று அதனைத் திருத்துகின்றது. துன்பத்தை நுகர்விக்கும் ஆற்றலும் எலும்பைக் கூட்டுவிக்கும் ஆற்றலும் வெவ்வேறல்ல என்பதை, 'எல்லாம் வினை' என்று கூறி எழுந்துபோவார் நினைப்பதில்லை.

எனினும் மீட்சி முன்னைநிலைக்குத் திரும்புதலன்று. ஜோசேபா பெலோக்கி என்னும் ஸ்பானிய வீரர் 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளிற் பிரான்சுப் பெரும்போட்டியில் முறையே மூன்றாவதும் மூன்றாவதும் இரண்டாவதுமாக முடித்தவர். 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் நாள், காப் என்னும் ஊரை நோக்கிய இறக்கத்தில், வெயிலால் தார் உருகிய சாலையில் அவர் பின்சக்கரம் பற்றிநின்று, டயர் ரிம்மைவிட்டுக் கழல, வீழ்ந்தார். தொடையெலும்பும் முழங்கையும் மணிக்கட்டும் முறிந்தன. அடுத்து வந்த வீரர் சாலையைவிட்டு வயலினூடே வண்டியைச் செலுத்தித் தப்பினார். உலகத்தார் இன்றும் வியந்து பேசுவது அவ்வயற்சவாரியையே, வீழ்ந்தவரை அன்று. பெலோக்கி மீண்டும் வண்டியேறினார். 2005ஆம் ஆண்டில் அப்போட்டியை முழுதும் ஓடியும் முடித்தார். முதல் மூவருள் ஒருவராகும் நிலை மட்டும் மீளவில்லை. எலும்பு கூடியது, இழந்தது அத்தனையும் கூடிற்றில்லை.

இம்மீட்சிக் காலத்தில் நோயாளி பெறும் அநுபவமொன்று சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தை ஓதுவார்க்குப் பெரிதும் பயன்படும். தொடைமுறிவுக்குப்பின் தொடையின் முன்புறத் தசை மெலிந்து சோர்ந்துபோம். மருத்துவர் 'இதனை இறுக்குக' என்பர். நோயாளி இறுக்க விழைவன். எவ்வாறு இறுக்குவதென்றும் அறிவன். தசையோ அசையாது கிடக்கும். எம் நண்பர் கூறினார்: "என் தொடையை அடுத்த வீட்டுக்காரன் தொடையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்." நலமாயிருக்குங்கால் இச்சையும் அறிவும் செயலும் ஒருங்கே நிகழ்தலால் உடம்பே யான் என்னும் மயக்கம் நிலைக்கின்றது. செயல் நின்றுபோக இச்சையும் அறிவும் எஞ்சியபோது, விழைந்து நின்றவன் ஒருவன், விழைவுக்கு இணங்காது கிடந்தது வேறொன்று என்பது தெளிவாகின்றது. அந்நாட்களிற் கனவில் அவர் ஓடினாராம். கால் கிடந்த நிலையிற் கிடக்க, ஓடியவன் எவன்? கன்மேந்திரியமாகிய பாதம் வேறு, அது நின்று தொழில்செய்யும் இடமாகிய கால் வேறு என்று நூல்களிற் படித்ததை அவர் வேறெந்த ஆசிரியரிடமும் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கமாட்டார்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரினியல்பு. நெடுநாட் பழகியவனுக்குச் சைக்கிள் புறப்பொருளாய்த் தோன்றுவதில்லை. கைப்பிடியின் அதிர்வைத் தன் தோளின் அதிர்வாக அறிகின்றான். டயர் சறுக்கினால் 'யான் சறுக்கினேன்' என்கின்றான். உடம்பை யானென்ற உயிர் வண்டியையும் யானென்று கொண்டது. முறிவு அச்சார்பை ஒரு நொடியில் அறுத்தது. ஆனால் உயிர் சார்பின்றி நில்லாதாகலின், அடுத்து அச்சத்தைச் சார்கின்றது. எலும்பு ஆறு திங்களிற் கூடினும் இறக்கத்தைக் கண்டால் கை நடுங்குதல் ஆண்டுக்கணக்கில் நீங்காமை பலரிடத்தும் காணப்படும். மீண்டும் ஏற விழைவான் முதலிற் சமநிலத்திற் சிறுதொலைவும், பின்னர்ச் சிற்றிறக்கமும், பின்னர்ப் பாலமுமாகப் பழகி அவ்வச்சச் சார்பை மெல்ல விடுத்தல் வேண்டும். பிறர் 'அஞ்சாதே' என்பதால் அது நீங்காது; ஆணவத்தால் தோன்றும் துணிவினாலும் நீங்காது. ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கவையையும் பிரேக்கையும் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை எம் நண்பர் மேற்கொண்டார். மாணாக்கர் நகைத்தனராம். அச்சமாய் இருந்தது அவரிடத்துக் கவனமாய் மாறியதை அவர்கள் அறியார்.

எஞ்சியது ஒரு தடை. பிராரத்தம் நுகர்ந்தே தீரவேண்டுவதாயின், மருத்துவமும் பயிற்சியும் அதனைத் தடுக்கும் முயற்சியாய் முடியாவோ என்பது. முடியா. எவ்வளவு நுகரவேண்டுமென்னும் அளவு நுகர்ந்து முடிந்தபின்னன்றி நமக்குத் தெரியாது. முறிவு ஊழாயின், அவ்விரவிலேயே மருத்துவர் கிடைத்ததும் ஊழே. கோல் செருகியதும், மூன்றாந் திங்களில் ஊன்றுகோலோடு நின்றதும் ஊழே. துன்பம் வந்தால் மட்டும் வினையின் பெயரைக் கூறி, அது தீரும் வாயில் வந்தால் வினைக்கு மாறென்றல், வினையை அறிந்தவர் கூற்றன்று.

இதனை யாம் கூறுவதினும் ஆளுடைய பிள்ளையார் திறத்து வைத்துக் காண்டல் சிறப்பு. கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் அவர் எழுந்தருளியிருந்தபோது, உடன்வந்த அடியார்களைப் பனிக்காலத்து நளிர்சுரம் பற்றியது. அந்நாட்டில் அக்காலத்து அந்நோய் வருவது இயல்பென்பது யாவரும் அறிந்ததே. வினையென்று கூறி ஆற்றியிருத்தற்கு அதனினும் தக்க இடமில்லை. கூறியவரும் வினையின் உண்மையை எவரினும் நன்கறிந்தவர். பிள்ளையார் அங்ஙனம் வாளா இருந்திலர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். இது முன்செய்ததன் பயன் என்று வினையை எடுத்துரைத்துக்கொண்டே உய்தி நாடாதிருத்தல் அடியார்க்கு ஊனமென்பது அப்பதிகத்து முதற்பாட்டின் கருத்து. அடியார்களின் சுரம் தணிந்தது. அவர்களுக்கு மட்டும் தணிந்ததாகச் சேக்கிழார் பெருமான் நிறுத்தவில்லை. அந்நாட்டவரையும் அந்நோய் விட்டு நீங்கிற்று என்றே அவ்வரலாற்றை முடிக்கின்றார்.